ஆறு ரயர், மூன்று அலைன்மன்ற், ஒரு மேசன் நூல்

முந்தநாள் பின்னேரம் புளியங்குளம் தாண்டி வருகிற நேர் வீதியில், முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரம் பார்த்து ஸ்ரேறிங்கில் இருந்து இரண்டு கையையும் எடுத்தேன். எட்டு எண்ணும் வரை கார் நேராகப் போனது. ஒன்பதில் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. அது வீதியின் சரிவு. மழைத்தண்ணி வடியவேணும் என்று ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுவார்கள். எட்டு மாதத்துக்கு முதல் இதே இடத்தில் மூன்று எண்ணுவதற்குள் புல்லுக்குள் இறங்கப் பார்த்த கார் இது. இடையில் நடந்ததை மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

கார் 2008 ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் ஸ்போர்ட். சாதாரண ஸ்விஃப்ட் இல்லை, 1.6 லீற்றர் எஞ்சின், 5 கியர் மனுவல், 16 அங்குல றிம், 195/50 ரயர் (அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 50 வீதம்). 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய கார்களுக்கு ஏறின விலை எல்லாருக்கும் தெரியும். இது என் கைக்கு எட்டினதற்குக் காரணம், முந்தின சொந்தக்காரர் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைப் பதித்து வைத்திருந்ததுதான். அப்படிப் பதித்த காரைக் கிறவல் வீதிக்காரர் ஒருவரும் வாங்க மாட்டார்கள். கிளிநொச்சியில் தண்ணிப் பம்பும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினும் திருத்துகிற உனக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

2024 ஆனியில் முன்பக்கம் ஒரு இரைச்சல் தொடங்கியது. அறுபதில் மெல்லிய முனகல், எண்பதில் பெரிய இரைச்சல். பம்பு திருத்துகிறவனுக்கு இரைச்சல் என்றால் முதலில் ஞாபகம் வருவது பெயரிங். கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்க இருந்தேன். நல்ல காலம், அதற்கு முதல் முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓடிப் பார்த்தேன். இரைச்சலும் பின்னுக்குப் போய்விட்டது. பெயரிங் என்றால் அது முன்னிலேயே நின்றிருக்கும். அப்ப ரயர்தான்.

வெளியில் நின்று பார்த்தால் அந்த ரயரில் ஒரு குறையும் தெரியாது. ஸ்ரேறிங்கை முழுக்க ஒடித்து, சில்லுக்குப் பின்னால் தலையைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் உள்விளிம்பு மொட்டையாகக் கிடந்தது. உள்ளங்கையை ரயரின் குறுக்கே வெளியில் இருந்து உள்ளுக்கு இழுத்தால் வாள் பல்லைத் தடவுகிற மாதிரிக் கீறியது. உள்ளிருந்து வெளியே இழுத்தால் வழுவழுப்பு. இரண்டு முன் சில்லும் முன்பக்கம் வெளியே விரிந்தபடி ஓடினால் ரயர் இப்படித்தான் தேயும். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு, பழைய ரயர், போய்விட்டது, புதுசு போடுவம் என்று மட்டும்தான் நினைத்தேன்.

195/50 ஆர் 16 கிளிநொச்சியில் கிடைக்கவில்லை. ஒரு கடையில் 185/55 ஆர் 16 போடலாம், ஹொண்டா ஃபிட்டுக்குப் போடுகிற அளவு, எப்போதும் இருக்கும் என்றார்கள். கணக்குப் பார்த்தேன். என் ரயரின் மொத்த விட்டம் 601 மில்லிமீற்றர், அது 610. வித்தியாசம் ஒன்றரை வீதம்தான். பக்கச்சுவரும் கொஞ்சம் உயரம், எங்கள் கிடங்குகளுக்கு நல்லது என்றுகூட மனம் சாய்ந்தது. ஆனால் ஆறரை அங்குல அகல றிம்மில் 185 இழுபட்டு நிற்கும், வளைவில் காரின் குணமே மாறிவிடும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை வாங்கிவிட்டு அதை ஃபிட் ஆக்குவதற்கு மனம் வரவில்லை.

வவுனியாவில் கிடைத்தது. முதலில் எடுத்துக் காட்டின சோடியை விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற நாலு இலக்கத்தைப் பார்த்தேன்: 1119. 2019 ஆம் ஆண்டின் 11 ஆவது கிழமையில் செய்தது. ஐந்து வருசம் கடைக்குள்ளேயே கிடந்த ரப்பர். வேண்டாம் என்று புதிய திகதிச் சோடி எடுத்தேன். ஒன்று 34,000 ரூபா. பூட்டி, பலன்ஸ் பண்ண ஒரு சில்லுக்கு 800. சில்லுகள் நேராக நிற்கிறதா என்று இயந்திரத்தில் அளந்து திருத்துகிற அலைன்மன்ற் 3,500. திரையில் எல்லா இலக்கமும் பச்சை. வரும்போது முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வந்தேன். இரைச்சல் இல்லை. திருப்தி.

அந்தத் திருப்தி ஐப்பசி மட்டும் இருந்தது. 5,200 கிலோமீற்றர் ஓடியிருந்தேன். புது ரயரின் ஆழம் வெளிப்பக்கம் 6.5 மில்லிமீற்றர், நடுவில் 6, உள்விளிம்பில் தேய்மானக் கட்டைக்கு மட்டமாக, அதாவது 1.6. இடது ரயரில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பருக்குள் இருக்கிற நூல் தெரியத் தொடங்கியிருந்தது. திரும்ப அதே கடை. ஏற்றினார்கள், திரையில் இடப்பக்கம் கொஞ்சம் சிவப்பு, இரண்டு திருகு, பச்சை, 3,500. "ரோட்டுத்தான் அண்ணை பிரச்சினை" என்றான் பொடியன். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஒரு மதகடியில் நான் இடது சில்லை விழுத்தினது உண்மை, அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆனால் அவன் கீழே குனிந்து ஒரு மூட்டையாவது ஆட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

கார்த்திகை மழைக்குள் இன்னொரு பாடம். கனகராயன்குளத்துக்கு இந்தப்பக்கம், வீதியில் தண்ணி படர்ந்து நின்ற ஒரு வளைவு. வேகம் எழுபதுக்குள்தான். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்த கையோடு பின்பக்கம் தனியாகக் கிளம்பியது. முன்னுக்கு இரண்டு புது ரயர், பின்னுக்கு மூன்று மில்லிமீற்றர் மிச்சமுள்ள இரண்டு பழசு. முன்சில்லு இழுக்கிற காருக்குப் புதுசை முன்னுக்குப் போடுவதுதான் நியாயம் என்று நினைத்திருந்தேன். மழையில் முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதனால் நல்ல சோடி பின்னுக்குத்தான் போகவேணும். அன்றைக்கு எதிரில் பஸ் ஒன்றும் வராததால் அரைச்சுற்றோடு புல்லில் நின்றேன். பத்து நிமிசம் எஞ்சினை நிறுத்திவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒருத்தரையும் நம்பாமல் நானே அளக்கிறதென்று முடிவு. மட்டமான நிலம் வேண்டும். என் பட்டறை மண்தரை. பக்கத்தில் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம் இருக்கிறது; காலபோக நெல் வர முதல் முடித்துவிட வேணும் என்ற நிபந்தனையோடு தந்தார்கள். மேசன் வேலை செய்கிற மாமா தண்ணிமட்டக் குழாயோடு வந்தார். நாலு சில்லு நிற்கிற இடத்தையும் பார்த்ததில் பின் வலது மூலை 9 மில்லிமீற்றர் பதிவு. பழைய லினோலியத் துண்டுகளை அடுக்கி உயர்த்தினோம்.

"வீட்டுக்கே இவ்வளவு மட்டம் பார்க்கிறேல்லை மருமோன்" என்றார்.

இரண்டு மீற்றர் நீள ஜிஐ குழாய் இரண்டு. ஒவ்வொன்றிலும் சரியாக 1,900 மில்லிமீற்றர் இடைவெளியில் இரும்புவாளால் இரண்டு வெட்டு. ஒரு குழாய் காருக்கு முன்னால், மற்றது பின்னால், சீமெந்துக் கல்லின் மேல், சில்லின் நடுப்பகுதி உயரத்தில். வெட்டுக்குள் மேசன் நூலைக் கொடுத்து இழுத்துக் கட்டினால் காரின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இரண்டு நூல். முன் சில்லின் நடுவில் இருந்து நூலுக்கு உள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக வரும்வரை குழாயை நகர்த்த வேணும், பின்னுக்கும் அப்படியே. முன்பக்கத்தைச் சரியாக்கினால் பின்பக்கம் விலகும். முதல் நாள் இதற்கே இரண்டு மணித்தியாலம் போனது. நூலில் கை பட்டால் திரும்ப முதலில் இருந்து. ஒரு முறை மாமா எச்சில் துப்ப எழும்பின கையோடு நூலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு உருக்கு அடிமட்டம். றிம்மின் முன்விளிம்பில் இருந்து நூலுக்கு எவ்வளவு, பின்விளிம்பில் இருந்து எவ்வளவு. முன்விளிம்பு நூலுக்குக் கிட்ட இருந்தால் சில்லு வெளியே விரிந்து நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு முன் சில்லையும் சேர்த்து வந்த விரிவு ஒன்றரை மில்லிமீற்றர். இது ஒரு பெரிய பிழையே இல்லை. 5,000 கிலோமீற்றரில் ரயரைத் தின்கிற அளவும் இல்லை. நூல்தான் பிழை என்று நினைத்து, காரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, திரும்ப முன்னுக்குத் தள்ளி நிறுத்தி அளந்தேன். நாலரை மில்லிமீற்றர். சரியில்லையே என்று இந்த முறை முன்னுக்குத் தள்ளிவிட்டுப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி அளந்தேன். அரை மில்லிமீற்றர், அதுவும் மறுபக்கம், உள்ளுக்கு.

அந்த இடத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். ஒரே கார், ஒரே நூல், கையால் தள்ளுகிற திசையைப் பொறுத்து ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசம். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது நிற்கிற காரை அளந்தது; அந்த நேரம் எந்தப் பக்கம் இளகி நின்றதோ அதைப் பச்சையாகக் காட்டியது. வீதியில் முன்னோக்கி ஓடுகிறபோது நாலரை. சில்லுக்குப் பாதி என்று வைத்தால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ரயர் ஐந்து மீற்றர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. 5,200 கிலோமீற்றருக்குக் கணக்குப் போட்டால் 26 கிலோமீற்றர். கிளிநொச்சியில் இருந்து மாங்குளத்துக்குக் கிட்ட மட்டும் ரயரைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போன மாதிரி.

இளகல் எங்கே என்று தேட அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஜக் வைத்து உயர்த்தி, சில்லை மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் பிடித்து ஆட்டினேன். மாமா, ஸ்ரேறிங் தண்டைச் சில்லோடு இணைக்கிற மூட்டான ரை றொட் என்ட்டில் விரலை வைத்துக்கொண்டு "டிக் டிக் எண்டுது" என்றார். இடப்பக்கம் நல்ல ஆட்டம், வலப்பக்கம் கொஞ்சம். அடுத்தது, சில்லைக் கீழே காரோடு பிடித்து வைத்திருக்கிற லோவர் ஆம். அதன் பின் மூட்டில் இருக்கிற ரப்பர் புஷ்ஷுக்குப் பக்கத்தில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினேன். இடது ஆம் ஒரு விரல் அகலம் முன்னும் பின்னும் போய்வந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் வட்டமாகக் கிழிந்து, நடுக்குழல் தனியாக நிற்கிறது. பிறேக் பிடிக்கும்போது வந்த 'டொக்' சத்தம் இதுதான். நான் அதைப் பிறேக் பாட் ஆடுகிற சத்தம் என்று எத்தனையோ மாதம் விட்டுவிட்டேன்.

கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வேலை செய்கிற கூட்டாளி ஒருவன் புஷ் இரண்டும் ரை றொட் என்ட் இரண்டும் எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டான். புஷ் ஒன்று 4,200, என்ட் ஒன்று 5,500, பஸ்காரருக்கு 600. பழைய புஷ்ஷை வாளால் அறுத்து எடுக்கலாம் என்று தொடங்கி ஆமில் கீறல் விழுத்தினேன்; அதோடு விட்டுவிட்டு லேத் கடையில் பிரஸ்ஸில் கொடுத்தேன். இரண்டுக்கும் 2,000. கொண்டுபோக முதல், புஷ் ஆமில் எந்தத் திசையில் நின்றது என்று சோக்கால் கோடு போட்டு வையுங்கள். என் புஷ்ஷில் ரப்பருக்குள் வெற்றிடம் விட்ட பக்கங்கள் இருந்தன, அவை பழைய இடத்திலேயே வரவேணும்.

ரை றொட் என்ட் கழற்ற ஆப்பு மாதிரி இரட்டைக்கவைக் கருவி வைத்து அடிக்கத் தேவையில்லை. நட்டைக் கொஞ்சம் இளக்கி விட்டுவிட்டு, அது பூட்டியிருக்கிற கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு நல்ல அடி. தானாக விழும். அதற்கு முதல் லொக் நட் நின்ற இடத்தில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு, கழற்றும்போது சுற்றை எண்ணினேன். இடம் பதினேழரை, வலம் பதினாறு. அதே எண்ணிக்கையில் புதுசைப் பூட்டினால் கடை வரை ஓடக்கூடிய அளவுக்காவது வரும்.

இங்கே ஒரு பெரிய பிழை விட்டேன். கார் ஜக்கில் நிற்க, சில்லு தொங்கிக்கொண்டிருக்க, லோவர் ஆம் போல்ற்றுகளை முழுப் பலத்தோடு இறுக்கிவிட்டேன். இறக்கிப் பார்த்தால் இடப்பக்கம் ஒரு விரல் உயரம். இந்தப் புஷ் சுழலுவது இல்லை, ரப்பர் முறுகித்தான் ஆம் ஏறி இறங்கும். தொங்கின நிலையில் பூட்டினால் கார் நிலத்தில் நிற்கிற நேரம் எல்லாம் ரப்பர் முறுகியே நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும். திரும்ப இளக்கி, சில்லைப் பூட்டி, நிலத்தில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தரம் அமத்தி ஆட்டிவிட்டு, கீழே படுத்துக்கொண்டு இறுக்கினேன். பதித்த காருக்குக் கீழே படுக்க இடம் இல்லை. நாலு சில்லையும் பலகையில் ஏற்றிய பிறகுதான் ஸ்பனரைச் சுழற்ற முடிந்தது.

திரும்ப நூல். முன் சில்லுகளுக்குக் கீழே இரண்டு இரண்டு தரை ரைல்ஸ், இடையில் கிறீஸ். அப்போதுதான் ரை றொட்டைத் திருகும்போது சில்லு நிலத்தில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கித் திரும்பும். இப்போது முன்னுக்குத் தள்ளி அளந்தாலும் பின்னுக்குத் தள்ளி அளந்தாலும் வித்தியாசம் அரை மில்லிமீற்றருக்குள். அதைப் பார்த்தபோது ரயர் வாங்கின அன்று வந்ததைவிடப் பெரிய சந்தோசம். கால் சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் மாறியது. முழுவதையும் இடப்பக்கத்திலேயே திருகிப் பூச்சியம் ஆக்கினேன். ஓட்டிப் பார்த்தால் கார் நேராகப் போகிறது, ஸ்ரேறிங் பத்து மணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இடத்தில் பாதி, வலத்தில் பாதி என்று பிரித்துச் செய்திருக்க வேணும். அதற்கு இன்னொரு பின்னேரம்.

தூக்குக்குண்டு பிடித்து றிம்மின் மேல், கீழ் விளிம்பையும் பார்த்தேன். இடது 9 மில்லிமீற்றர், வலது 8 மில்லிமீற்றர் மேலே உள்ளுக்குச் சாய்வு. ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூட. பதித்த கார், அப்படித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் விட்டுவிட்டேன். பின்பக்கம் இந்தக் காரில் ஒரே வளை அச்சு, திருகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை.

அதற்குப் பிறகுதான் ரயர். இந்த முறை நாலும். ஒன்று 35,500. பழைய முன் சோடியை றிம்மில் திருப்பிப் போட்டு உள்விளிம்பை வெளியே கொண்டுவரலாமா என்றும் கேட்டேன். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று குறித்து வருகிற ரயர், திருப்ப ஏலாது, அதோடு நூலும் தெரிந்துவிட்டது. கடைக்காரர் கதைக்கிற நேரத்துக்குள் பொடியன் புது ரயர் ஒன்றை 'அவுட்சைட்' என்று எழுதின பக்கம் உள்ளே போகிற மாதிரிப் பூட்டிவிட்டான். பக்கத்தில் நின்றதால் கண்டேன். காற்றுத் துவக்கால் நட் இறுக்கவும் விடவில்லை. கையால் பூட்டி, இறுக்குகிற பலத்தை அளந்து காட்டுகிற டோர்க் ஸ்பனர் ஒன்றை இரவல் வாங்கி 85 நியூட்டன் மீற்றர், நட்சத்திரம் மாதிரி ஒன்று விட்டு ஒன்று. நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்பப் பார்த்தேன், இரண்டு நட் கொஞ்சம் ஏறியது.

கடைசி அலைன்மன்ற் 3,500. என் நூல் அளவுக்கும் இயந்திரத்துக்கும் இடையில் அரை மில்லிமீற்றருக்கு உட்பட்ட வித்தியாசம். அச்சடித்துத் தந்த தாளை மாமாவிடம் காட்டினேன். "அப்ப என்னத்துக்கு அவங்களுக்குக் காசு குடுத்தனீ" என்றார்.

மொத்தம் 2,47,300 ரூபா. சாமானும் லேத்தும் 22,000, நாலு ரயரும், அவற்றைப் பூட்டி பலன்ஸ் பண்ணினதும், கடைசி அலைன்மன்றும் 1,48,700. மீதி 76,600 ரூபா, அலவாங்கால் ஒரு தரம் நெம்பிப் பார்க்காததற்குக் கொடுத்தது. அடுத்த முறை ரை றொட் என்ட் வாங்கும்போதே லோவர் ஆமின் முன் புஷ்ஷையும் சேர்த்து எடுப்பேன்; பிரஸ் கூலி ஒன்றுதான். நூல் கட்டுகிற குழாய்க்குக் கால் ஒட்டி, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய மாதிரி ஒட்டுவேலைக்காரரிடம் செய்விப்பேன். சீமெந்துக் கல்லை நகர்த்தி நகர்த்தி இடுப்புப் போய்விட்டது. பழைய உயர ஸ்பிரிங் கிடைத்தால் காரையும் உயர்த்துவேன், மதகுகளுக்கு இது சரிவராது.

புது ரயர் இதுவரை 1,900 கிலோமீற்றர். நேற்று அளந்தேன்: முன் இடது உள்ளே 7.1, நடு 7.0, வெளியே 7.1. முன் வலதில் மூன்று இடமும் 7.1. ஸ்ரேறிங் இன்னும் ஒரு துளி வலப்பக்கம் சரிந்து நிற்கிறது. எட்டில் ஒரு சுற்று இங்கே, எட்டில் ஒரு சுற்று அங்கே திருகினால் சரி. ஆனால் தளம் முழுக்க இப்போது நெல். பங்குனி மட்டும் பொறுக்கச் சொல்லிவிட்டார்கள்.